ஓட்டை பொறுக்காதவர்

உத்திரமேரூர் ஏரி ஆபீசில் நான் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காக்கிக் கால்சட்டை, சேறு காய்ந்த செருப்பு. பயந்துபோய் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கால்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. முழங்கை வரை களிமண் அப்பிய ஒரு மனிதர் வெளியே வந்தார்.

"செவுத்துல ஒரு ஓட்ட இருந்திச்சிம்மா. அடச்சிட்டேன். இனிமே நீ தைரியமா குந்தலாம்" என்றார்.

மின்விசிறிக்கு ஒயர் இழுப்பதற்காக எலக்ட்ரீஷியன் முந்தின நாள் போட்டுவைத்த ஓட்டை அது என்பது மத்தியானம்தான் தெரிந்தது. அந்தச் சித்திரை மாதம் முழுவதும் நான் வியர்வையில் நனைந்துகொண்டே டைப் அடித்தேன்.

அவர் எங்கள் ஆபீசின் ஒர்க் இன்ஸ்பெக்டர். தினமும் காலையில் ஏரிக்கரை மேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடக்க வேண்டும். நண்டு வளை, எலி வளை, ஆமை தோண்டிய பள்ளம் எது கண்ணில் பட்டாலும் அடைக்க வேண்டும். இதுதான் அவருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை. அரசாங்கம் கரையோடு நிறுத்திக்கொண்டது. அவரால் நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

தோளில் ஒரு துணிப்பை எப்போதும் தொங்கும். அதற்குள் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு உருண்டைக் களிமண். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார். டீக்கடைச் சுவரில் ஒரு பொந்து தெரிந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய் அடைத்துவிட்டு வந்துதான் மீதி டீ. எங்கள் ஆபீஸ் கதவில் தபால் போடுவதற்கென்று ஒரு துளை இருந்தது. அதையும் அடைத்தார். தபால்காரர் இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு, கடிதங்களைக் கூரை ஓட்டில் செருகிவிட்டுப் போனார். ரிக்கார்டு ரூமில் எலி வளையைக் கண்ணாடித் தூளும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்தபோது எலி உள்ளேதான் இருந்தது. பத்து நாள் நாங்கள் எல்லோரும் மூக்கில் கைக்குட்டையோடு வேலை பார்த்தோம். அவர் மட்டும் அந்த நாற்றத்தை மோந்து பார்த்து, "பாத்தியா, காத்துகூட வெளிய வரல" என்றார். நாற்றம் வேறு எந்த வழியாக வருகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் தேடியிருப்பார்.

கல்யாணப் பந்தியில் கிழிந்த இலை வந்துவிட்டால் பக்கத்து இலையிலிருந்து ஒரு துண்டு கிள்ளி அடியில் ஒட்டுப்போட்டு, சாம்பார் கசிகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். காது குத்தும் வீட்டுக்கு மொய் அனுப்புவார், நேரில் போகமாட்டார். ஊரில் அவருக்கு அடப்பு சார் என்று பெயர். அவர் முன்னாலேயே சொல்வார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டுத் தூக்கை அவர் மறந்துவிட்டு வரும் நாட்களில் இரண்டு மைல் நடந்து வந்து கொடுத்துவிட்டு, என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். "எங்க வூட்ல உளுந்து வட சுட்டா நடுவுல ஓட்ட போடக் கூடாதும்மா. துன்ன மாட்டாரு. அது உள்ள வேவவும் வேவாது, மாவாவே கீது. இருவது வருசமா வேவாத வட துன்றோம்" என்று ஒருநாள் சொன்னார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த மீன் வந்து சேர்ந்தது.

எங்கள் எஞ்சினியர் இளைஞர். கல்யாணம் ஆகாதவர். பொழுது போகாமல் மெட்ராசிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும், நான்கு தங்க மீன்களும், விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு மீனும் வாங்கிவந்து ஆபீசில் வைத்தார். தங்க மீன்களைப் பார்க்க அழகு. கறுப்பு மீனைப் பார்த்தால், இது மீன்தானா என்று சந்தேகம் வரும். செதில் கிடையாது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, கவசம் போட்டதுபோல. வாய் தாடைக்கு அடியில் வட்டமாக இருந்தது. அந்த வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு அசையாமல் ஒட்டிக்கிடக்கும்.

"வெளிநாட்டு ஆத்து மீன். பாசியைச் சாப்பிடும். டேங்க் கிளீனர்னு பேர்" என்றார் எஞ்சினியர்.

எங்கள் ஆபீசில் டேங்க் என்றால் ஏரி. ஒர்க் இன்ஸ்பெக்டர் குனிந்து மீனைப் பார்த்தார். நிமிர்ந்து ஜன்னல் வழியாக ஏரிப் பக்கம் பார்த்தார். "இத்தினிக்கூண்டு மீனு, எப்ப சார் கிளீன் பண்ணி முடிக்கும்?" என்று நிஜமாகவே கேட்டார்.

எஞ்சினியர் சிரித்து முடித்துவிட்டு, "தண்ணி சமாச்சாரம், நீங்களே பாத்துக்குங்க" என்று பொறுப்பை அவர் தலையில் கட்டினார்.

எடுத்த பொறுப்பை அவர் விடமாட்டார். முதல் வேலையாகக் கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் விரல் வைத்துக் கசிவு பார்த்தார். அப்புறம் சிவப்புப் பெயிண்டில், மதகுத் தூணில் போடுவதுபோல, அடியிலிருந்து மேல்வரை கோடு போட்டு எண் எழுதினார். தினமும் காலையில் ஏரி நீர்மட்டத்தை என்னிடம் சொல்லி எழுத வைப்பவர், அதற்குக் கீழேயே தொட்டி நீர்மட்டத்தையும் எழுத வைத்தார். கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து ஒருநாள் ஆறவைத்துத்தான் ஊற்றுவார். மின்சாரம் போய், குமிழி விடும் மோட்டார் நின்றுவிட்டால், ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்து, ஆபீசுக்கு வந்த ஒரு விவசாயி, இங்கே டீயும் கிடைக்கும் போலிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கறுப்பு மீன் தோண்ட ஆரம்பிக்கும் வரை.

ஒருநாள் காலையில் தொட்டியின் மூலையில் கூழாங்கற்களை ஒதுக்கி ஒரு பள்ளம். அதற்குள் வால் மட்டும் தெரிய மீன் பதுங்கியிருந்தது. ஒர்க் இன்ஸ்பெக்டர் முகம் வெளிறிவிட்டது. "டைப்பம்மா, இங்க வா. இன்னா பண்ணி வச்சிக்கீது பாரு. கரையோரமா தோண்டுது!" என்றார். கரை என்று அவர் சொன்னது கண்ணாடியை. மீனை விரட்டிவிட்டுப் பள்ளத்தை நிரவினார். மறுநாள் காலையில் அடுத்த மூலையில் பள்ளம். நிரவினார். மூன்றாம் நாள் மோட்டாருக்குப் பின்னால் இருந்த இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. இடுக்கைக் கல் வைத்து அடைத்தார். ஒரு மாதம் இப்படி நடந்தது. மீன் தோண்டும், மனிதர் மூடுவார். நாங்கள் யார் ஜெயிப்பார்கள் என்று பேசிக்கொண்டோம்.

ஜெயித்தவர் அவர்தான். மீன் தோண்டுவதை நிறுத்திவிட்டது. கூடவே சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டது. நட்ட நடுவில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய, கற்கள் மேல் கிடந்தது. நிறம் சாம்பலாக வெளுத்தது. வயிறு ஒட்டிக் குழிந்தது. துடுப்புகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் கிடந்தது. முன்பெல்லாம் அது விழியை உள்ளே உருட்டிக்கொள்ளும்போது கண்ணடிப்பதுபோல இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் லீவு போடாமலே, மீன் வாங்கிய கடையைத் தேடி மெட்ராசுக்குப் பஸ் ஏறிவிட்டார். மாலையில் திரும்பி வந்தவர் என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கடக்காரன் இன்னா சொன்னான் சார்?"

"அதுக்குப் பொந்து வேணுமாம்மா."

"பொந்தா?"

"பகல்ல இருட்டா ஒரு பொந்துல கெடந்தாதான் அது உசுரோட இருக்குமாம். பொந்து இல்லன்னா பயத்துலயே செத்துப்பூடுமாம். ராத்திரிதான் வெளிய வந்து மேயுமாம்." பையைத் தடவிக்கொண்டார். "நான் ஒரு மாசமா அத பயமுறுத்திக்கினு இருந்துக்கீறேம்மா."

மறுநாள் ஒரு சின்ன மண் பானையோடு வந்தார். மடியில் ஈரத்துணி போட்டு, பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒரு ஆணியால் அதன் பக்கத்தைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்துவார். கையைத் துடைத்துக்கொள்வார். மறுபடி ஒரு தட்டு. நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். எஞ்சினியரும் தன் அறை வாசலில் வந்து நின்றார். அந்த மனிதர் தன் கையால் ஒரு ஓட்டை போடுவதை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. கடைசியில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் துளை விழுந்ததும், யாராவது திட்டுவார்களோ என்பதுபோல எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

பானை தொட்டிக்குள் இறங்கியது. டீ வந்து நாங்கள் குடித்து முடிப்பதற்குள் மீன் உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த மீனுக்கு வந்த வாழ்வு எங்கள் ஆபீசில் யாருக்கும் வரவில்லை. சுரைக்காயை வேகவைத்து, வெள்ளரிக்காயைக் கீறி, மிதக்காமல் இருக்கக் கல் கட்டி உள்ளே போடுவார். இந்த மீனுக்கு மரத்தைச் சுரண்டித் தின்றால்தான் ஜீரணம் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்காகப் பழைய மதகுப் பலகையிலிருந்து ஒரு துண்டு அறுத்து, சாயம் இறங்கும் வரை கொதிக்கவைத்துப் போட்டார். மீன் மேய்வதைப் பார்க்க ஆசை வந்துவிட்டால், மத்தியானத்தில் தொட்டி மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, தானும் அந்தத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வார். பழைய காலத்து போட்டோக்காரர் மாதிரி நின்றுகொண்டு உள்ளேயிருந்து, "வருது... வருது... தோ வந்துட்டான்!" என்பார். சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்க வந்தவர்கள் துணிக்கு வெளியே காத்திருப்பார்கள்.

விரல் அளவோடு நின்றுவிடும் என்று எஞ்சினியரிடம் சொல்லி விற்ற மீன், ஒன்றரை வருடத்தில் முழங்கை நீளம் ஆனது. பானை மாற்றி மாற்றி, நான்காவது பானை. பெரிதானதும் பாசி அதற்குச் சப்பென்று ஆகிவிட்டது. தங்க மீன்கள் தூங்கும்போது விலாவில் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பை உறிஞ்சியது. ஒவ்வொன்றாகச் செத்தன. தொட்டி எத்தனை தடவை கழுவினாலும் நாறியது. கிளீனர் என்று வாங்கிய மீன் போடுகிற அசுத்தத்தைக் கிளீன் பண்ணவே ஒரு ஆள் தேவைப்பட்டது.

மேலதிகாரி ஆபீசைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. எஞ்சினியர் தொட்டிப் பக்கம் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இதை ஏரியில விட்டுடுங்க. இவ்வளவு பெரிய ஏரி பக்கத்துல இருக்கு. அதுவும் நிம்மதியா இருக்கும்."

"முடியாது சார்" என்றார் ஒர்க் இன்ஸ்பெக்டர்.

அந்த ஆபீசில் அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை. என் விரல் தானாக நின்றுவிட்டது.

"என்ன முடியாது?"

"இது பொந்துல வாயற சாதி சார். ஏரிக்குப் போனா எங்க பொந்து போடும்? கரைலதான் போடும்."

"ஒரே ஒரு மீன், ஐயா!"

"நண்டும் ஒண்ணுதான் சார் இருந்திச்சி."

அப்போதுதான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாலவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஏரியில் அவர் காவல் ஆள். கார்த்திகை மாதம். கரையில் ஒரு நண்டு வளை. தண்ணீர் லேசாகக் கசிந்தது. "நாஷ்டா துன்னுட்டு வந்து அடச்சிக்கலாம்னு போனேன் சார். நாலே நாலு இட்லி. திரும்பி வந்து பாத்தா கரைய காணம். ஒரு பக்கத்துக் கரையே இல்ல. கதிர் முத்தி நின்ன பயிர் அத்தினியும் போச்சி. அந்த வருசம் அந்த ஊர்ல ஒரு கல்யாணம்கூட நடக்கல சார். மூணு வூட்ல நிச்சயம் பண்ணி வச்சிருந்தாங்க."

நாங்கள் மற்றவர்கள் ஒர்க் இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் போன பிறகு சிரித்தோம். ஒரு மீனுக்குப் பயந்து ஏரியைக் காப்பாற்றுகிறாராம் என்று. இப்போது அதே மீன் பல நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது என்று மீன் பிடிப்பவர்கள் சொல்லக் கேட்கும்போது அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அப்படின்னா உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார் எஞ்சினியர் கடைசியில்.

ஈரச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோனார். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் அது கதவு முனகுவதுபோலச் சத்தம் போடும். வழியெல்லாம், "இன்னா சார், கொயந்தய சாக்குல கட்டிக்கினு போற?" என்று கேட்டார்களாம். வீட்டில் எருமைக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டியில் மீனை அதன் பானையோடு விட்டார். எருமை ஒருமுறை மூக்கை உள்ளே விட்டது. அடியில் ஏதோ நகர்ந்தது. அதன் பிறகு எருமை அந்தத் தொட்டிப் பக்கமே வரவில்லை. அதற்குத் தனியாக வாளியில் தண்ணீர் தூக்க வேண்டியது அவர் மனைவியின் வேலையாயிற்று. எனக்கு அந்த வாரம் முழுவதும் மீனைப் பற்றிய வசவுதான் காதில் விழுந்தது.

அந்த வருடம் ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது, விடவே இல்லை. நான்காம் நாள் ஏரி நிரம்பி வழிகிற நிலை. ஒர்க் இன்ஸ்பெக்டர் மூன்று நாளாகக் கரையிலேயே இருந்தார். மத்தியானம் மதகைத் திறக்க வேண்டும் என்று எஞ்சினியர் போனால் ஆளைக் காணோம். மதகுச் சாவி அவர் இடுப்பில். ஊர்க்காரர் ஒருவர் ஓடிவந்து கூப்பிட்டார், உடனே சைக்கிளில் போய்விட்டார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். மழையில் நடக்க முடியாது என்று, பஸ் ஸ்டாண்டு வரை விடுவதற்காக என்னையும் ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். அப்படித்தான், சாவியைத் தேடிப் போன ஜீப்பில் நானும் அவருடைய ஊருக்குப் போனேன்.

அவர் தெருத் தண்ணீரெல்லாம் ஒரு கால்வாயில் ஓடி, தெருக்கோடியில் ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் வழியாகப் போய், ஏரிக்கு நீர் வரும் வரத்துக்காலில் விழும். அந்தக் குழாயின் கீழ்வாய்க்கு எதிரில், மார்பளவு தண்ணீரில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் தோள் வரை குழாய்க்குள். பக்கத்தில் அவர் மனைவி, குழாய் வாய்க்கு முறத்தை அணை கொடுத்துப் பிடித்தபடி, தலையிலிருந்து கால் வரை நனைந்து நின்றார்.

"ஏரி வழியப்போகுது! இங்க என்னய்யா பண்றீங்க?" என்று கத்தினார் எஞ்சினியர்.

"ஏரியத்தான் சார் காப்பாத்திக்கினு கீறேன்."

மழையில் எருமைத் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. மீன் வழிந்த தண்ணீரோடு கால்வாயில் இறங்கிவிட்டது. அதை முதலில் பார்த்தவர் மனைவி. கையில் புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு ஓடி, மீனுக்கு முன்னால் குழாயின் கீழ்வாய்க்குப் போய் மறித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கரைக்கு அனுப்பியதும் அவர்தான். மீன் குழாய் நடுவில் துடுப்பு முள்ளை விரித்து இறுக்கிக்கொண்டுவிட்டது. இழுத்தால் வரவில்லை. விட்டால் அடுத்த நிறுத்தம் ஏரி.

"சாவியையாவது குடுங்க!"

"ரெண்டு கையும் குயாய்ல கீது சார். நீங்களே இடுப்புலேர்ந்து எடுத்துக்கங்க."

மழைக்கோட்டு போட்ட எஞ்சினியர் சேற்றில் இறங்கி, தண்ணீருக்கடியில் தன் ஒர்க் இன்ஸ்பெக்டரின் இடுப்பைத் துழாவி சாவியை எடுத்தார். ஜீப் டிரைவரிடம் கொடுத்து மதகைத் திறக்க அனுப்பினார். தானும் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க, என்ன பண்ணணும்?" என்றார்.

"மேப்பக்கம் கால்வாய அடச்சிடுங்க சார். குயாய்ல தண்ணி வத்தினா, தண்ணி கீற பக்கமா அதுவே வந்துரும். எம்மே, பானைய எடுத்துக்கினு வா!"

எஞ்சினியரும் தெரு ஆட்களும் மண் மூட்டை அடுக்கிக் கால்வாயை மறித்தார்கள். தண்ணீர் போக இடமில்லாமல் தெருவில் ஏறி, முதல் மூன்று வீட்டுக்குள் நுழைந்தது. "ஒரு மீனுக்கோசரம் எங்க அடுப்ப அணச்சிட்டியே, நீ உருப்புடுவியா?" என்று ஒரு அம்மாள் வாசலில் நின்று கத்தினார்.

"உன் அடுப்பு நாளைக்கே காயும்டி. நெலம் போனா காயுமா?" என்று திருப்பிக் கத்தினார் ஒர்க் இன்ஸ்பெக்டரின் மனைவி, பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபடி. அத்தனை நாள் அந்த மீனைத் திட்டியவர் அவர்தான்.

குழாயில் நீர் குறைந்தது. கீழ்வாயில் ஒர்க் இன்ஸ்பெக்டர் பானையை முக்கிப் பிடித்துக்கொள்ள, எல்லோரும் குனிந்து பார்த்தோம். உள்ளே சிமெண்டில் ஏதோ உரசும் சத்தம். கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. அது வெளிச்சத்தைப் பார்த்துத் தயங்கியது. பிறகு வெகு நாள் குடியிருந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நிதானமாகப் பானைக்குள் போனது. ஒர்க் இன்ஸ்பெக்டர் உள்ளங்கையால் பானையின் வாயை மூடினார். தெருவே கத்தியது. அடுப்பு அணைந்த அம்மாளும் கத்தினார். அது திட்டா சந்தோஷமா என்று தெரியவில்லை.

ஏரி அந்த வருடம் தாங்கிவிட்டது.

அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஆபீசுக்கு வரவில்லை. சம்பளத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கரையின் எந்த இடத்தில் மண் இளகியிருக்கிறது, தனக்குப் பதிலாகக் கரைக்குப் போகும் ஆள் சரியாகப் பார்ப்பானா, முழங்கால் ஏன் வலிக்கிறது, இப்படி. நான் வந்ததைக் கவனிக்கவே இல்லை. அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்ல பெனாத்துறாராம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"காய்ச்சல் நேத்தே வுட்டுப்போச்சி" என்றார். "இத்தினி வருசமா வூட்டுக்கு வந்தா ஒரு வார்த்த பேசமாட்டாரு. கரையிலயே எல்லாத்தியும் பேசித் தீத்துட்டு வந்துருவாரு போல. இப்பதான் பேசறாரு. மீனுகிட்டதான் பேசறாரு, இல்லன்னு சொல்லல." சுரைக்காய்த் துண்டைக் கல்லோடு சேர்த்துக் கட்டினார். "நான் பக்கத்துலதான குந்திக்கினு கீறேன். எனக்கும் கேக்குது."